வர முடியாதவர்களின் ஊர்வலம்

ஆறுகளுக்கு இன்றைய பெயர்கள் வராத முன்னொரு காலத்தில், உக்கிரசேனன் என்றோர் அரசன் இருந்தான். அவனுடைய பாட்டனார் ஊருக்கு ஊர் வைத்தியசாலை கட்டி, மருந்தும் கஞ்சியும் இலவசமாக வழங்க ஏற்பாடு செய்திருந்தார். நாட்டின் வருமானத்தில் பெரும்பங்கை அது விழுங்கியது. ஒரு நாள் அரசனுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது.

"வைத்தியச் செலவு பாதியாகக் குறைய வேண்டும். மருந்து கிடைக்காமல் ஒரு குடியும் வருந்தக் கூடாது. வழி சொல்லுங்கள்."

சபை இரண்டுபட்டது. வரியைக் கூட்டலாம் என்றார்கள் சிலர். நோயாளியே விலை கொடுக்கட்டும் என்றார்கள் சிலர். கருவூல அதிகாரி விடங்கப்பர் எழுந்தார்.

"அரசே, ஊர் வைத்தியசாலைகளை மூடிவிடுவோம். வைத்தியர்கள் எல்லோரும் தலைநகரில் இருக்கட்டும். உண்மையான நோயாளி எப்படியும் வந்து சேர்வான். கஞ்சிக்காகப் படுத்திருப்பவன் வர மாட்டான்."

அப்படியே செய்தார்கள். அடுத்த அறுவடைக்குள் தலைநகர வைத்தியசாலையில் பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. வைத்தியர்கள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நாட்டில் நோயே ஒழிந்தது" என்றார் விடங்கப்பர். சபை ஆரவாரித்தது. விகடகவி அம்பலத்தாடி மட்டும் சிரிக்கவில்லை.

"உமக்கு என்ன குறை?" என்றான் அரசன்.

"எல்லைப்புறத்திலிருந்து யாருமே வருவதில்லை அரசே. அந்த ஊர்களில் இப்போது நாய்கூடக் குரைப்பதில்லை என்கிறார்கள் வண்டிக்காரர்கள்."

விகடகவிக்குக் கிடைக்கும் பரிசுகளைக் கண்டு விடங்கப்பருக்கு நெடுநாளாகவே வயிற்றெரிச்சல். "அப்படியானால், வர முடியாத அந்த நோயாளிகளை இவர் சபைக்குக் கொண்டுவரட்டும். தவறினால் அவதூறு பேசிய நாக்கை அறுக்க உத்தரவிட வேண்டும்" என்றார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, "கொண்டுவந்தால், வர முடிந்ததே என்பேன்" என்று கிசுகிசுத்தார். அரசன் ஒப்புக்கொண்டான்.

அம்பலத்தாடி எல்லைப்புறம் போனார். உச்சிவெயிலிலும் கதவுகள் சாத்தியிருந்தன. கிணறுகளில் வாளி இறங்கும் சத்தம் இல்லை. வாசலுக்கு வாசல், வெளியே தூக்கிப் போட்ட கயிற்றுக் கட்டில்கள். அவர் ஒரு கதவைத் தட்டினார். பிறகு இன்னொன்றை.

அமாவாசை கழிந்து ஒரு பகலில், சபைக்குள் ஓர் ஊர்வலம் நுழைந்தது. மேளம் இல்லை. ஆட்கள் கட்டில்களைச் சுமந்து வந்தார்கள். பக்கத்தில் நடந்த பெண்கள் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே வந்தார்கள். கட்டில்களில் யாரும் இல்லை. கயிறு மட்டும் நடுவில் தொய்ந்திருந்தது. வேப்பிலை வாடை சபையெங்கும் பரவியது.

விடங்கப்பர் சிரித்தார். "வெறுங்கட்டில்கள்."

"வர முடியாதவர்களைத்தானே கேட்டீர்கள்?" என்றார் அம்பலத்தாடி. "வந்துவிட்டால் அவர்கள் வர முடிந்தவர்கள் ஆகிவிடுவார்களே. இவர்கள் உத்தரவுப்படியே வராமல் இருக்கிறார்கள்."

விடங்கப்பர் கேலியாக ஒரு கட்டிலில் உட்காரப் போனார். விசிறிக்கொண்டிருந்த காத்தாயி என்பவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அதுல உக்காராதீங்க சாமி. எங்க வீட்டுக்காரரு இன்னும் எறங்கல."

யாரும் தொடவில்லை. ஆனால் கயிறு மெல்ல முனகியது. விடங்கப்பர் பின்வாங்கினார்.

அரசன் படியிறங்கி வந்தான். "உன் கணவன் ஏன் வைத்தியசாலைக்கு வரவில்லை?"

"வந்தாருங்க. நடந்துதான் வந்தாரு. ஆத்தங்கரை மருதமரம் வரைக்கும்."

அரசன் அம்பலத்தாடியிடம் திரும்பி, "செலவு உண்மைதானே ஐயா? நான் என்ன செய்ய?" என்றான்.

"காய்ச்சல் கண்ட அன்றே கொடுத்தால் ஒரு கை நிலவேம்பு போதும் அரசே. முற்றவிட்டால் லேகியம், தைலம், கடைசியில் விறகு. நடக்க முடியாதவனை நடக்கச் சொல்லிவிட்டு, கால் நன்றாக இருக்கும் வைத்தியருக்கு உட்காரச் சம்பளம் கொடுக்கிறோம். வைத்தியர்கள் ஊர் ஊராக நடக்கட்டும். மருந்துப் பெட்டி சுமக்க ஆள் வேண்டாம். கருவூல அதிகாரி வலுவாகத்தான் இருக்கிறார்."

அரசன் சிரித்துவிட்டான். கட்டில்களுக்கு நடுவே அந்தச் சிரிப்பு தனியாக ஒலித்தது. விடங்கப்பரின் தோளில் அங்கேயே பெட்டியை ஏற்றச் செய்து, தன் முத்துமாலையைக் கழற்றி விகடகவியிடம் நீட்டினான்.

"குதிரையைக் கொடுங்கள் அரசே. காத்தாயியின் மகளுக்கு முந்தாநாள் முதல் காய்ச்சல்."

மாலையோடு குதிரையும் கிடைத்தது. கொழுத்த தலைமை வைத்தியர் அதில் ஏறத் தெரியாமல் மறுபக்கம் விழுந்தபோது அரசன் மறுபடியும், இம்முறை வாய்விட்டு, சிரித்தான். அவரைத் தூக்கி உட்காரவைத்து அனுப்பினார்கள்.

காத்தாயியின் மகள் பிழைத்துக்கொண்டாள்.