மருதையனின் நூற்றுப்பன்னிரண்டு காசுகள்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருங்கநாடு என்றொரு நாட்டை விறல்வேலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவர் காலையில் ஒன்று நினைப்பார், மாலையில் வேறொன்று நினைப்பார். இரண்டுக்கும் அரசவை தலையாட்ட வேண்டும்.

அந்த நாட்டில் மருதையன் என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். கோடையில் ஆறு வற்றினால் துறையில் இறங்கி மணலை அரிப்பான். எந்தக் காலத்திலோ யார் கையிலிருந்தோ நழுவிய செப்புக்காசுகள் அகப்படும். புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து போய்விடும் என்று ஈரத்துணியால் ஒற்றியெடுப்பான். இது எந்த அரசன் போட்டது, யானைக்குமேல் எதற்கு வில் என்று நாள்கணக்காக யோசிப்பான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பானையில் நூற்றுப்பன்னிரண்டு காசுகள் சேர்ந்தன. ஒன்றைக்கூட விற்றதில்லை.

பழங்காசு கிடைத்தவர்களெல்லாம் மருதையனிடம் காட்டப் போனார்கள். ராஜாவுக்குக் காசு அடிக்கும் அக்கசாலையின் தலைவர் அகத்தீசருக்கு அது பொறுக்கவில்லை. ஆற்றில் கிடப்பது அரசன் சொத்து என்று ஆளனுப்பிப் பானையோடு அள்ளிக்கொண்டு போனார்.

மருதையனுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது நாள் அரண்மனை வாசலில் கிடந்தான். இருபத்தோராம் நாள்தான் உள்ளே விட்டார்கள்.

"என் காசைத் திருப்பித் தரச் சொல்லுங்க ராசா. வேற எதுவும் வேண்டாம்."

அகத்தீசர் குறுக்கே வந்தார். "அரசே, இவனுக்குக் காசு பார்க்கத் தெரியுமாம். கோட்டை அஸ்திவாரத்தில் நான் கண்டெடுத்த காசை இவன் பார்க்கட்டுமே."

அது ராஜாவின் உயிர்க்காசு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சிம்மராயன் அடித்தது, நீங்கள் அவர் வம்சம் என்று அகத்தீசர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அண்டை நாட்டு அரசர்களை அழைத்து அதைக் காட்டுவதாக ஏற்பாடு. அதைக் குறை சொல்ல எவனுக்கும் துணிவு வராது என்பது அகத்தீசரின் கணக்கு.

"சரியாகச் சொன்னால் உன் பானை உனக்கு. தப்பாகச் சொன்னால் உன் பத்து விரலும் எனக்கு" என்றார் ராஜா.

மருதையன் காசை வாங்கித் திருப்பினான். விளிம்பில், சிங்கத்தின் வாலுக்குக் கீழே, அரிசியளவு ஒரு நசுக்கு. அதன் குழிக்குள்ளும் மேலே இருந்த அதே பாசி நிறம், பூசினாற்போல. போலி. அதைச் சொன்னால் யார் நம்புவார்? நல்ல காசு என்று பொய் சொன்னால், அண்டை அரசர்கள் சிரிக்கும் நாளில் முதல் பழி தன் தலையில்தான் விழும். விரல் போனால் துடுப்பை எதால் பிடிப்பது?

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னான். "ஒத்தைக் காசை வச்சு வம்சம் சொல்ல முடியாது ராசா. யாரோ ஒருத்தர் ஆசைக்குச் செஞ்சதுன்னு பேசுவாங்க. அதே இடத்துல இன்னும் பத்து கிடைச்சா யாரும் வாய் திறக்க முடியாது."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அகத்தீசரே, இன்னும் பத்து எடுத்துவாரும். காசுக்கு ஒரு கிராமம்."

அகத்தீசர் மூன்றே நாளில் பத்து காசோடு வந்தார். மருதையன் பதினொன்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தான்.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு காசையும் தனித்தனியா வச்சுச் சுத்தியலால அடிச்சாங்க ராசா. ஒண்ணு வலப்பக்கம் சாயும், ஒண்ணு ஓரம் வெடிக்கும். இந்தப் பதினொண்ணுலயும் சிங்கத்தோட வாலுக்குக் கீழ ஒரே நசுக்கு இருக்குது, பாருங்க. பதினோரு தாய்க்குப் பொறந்த பிள்ளைக்கு ஒரே இடத்துல மச்சம் இருக்குமா?"

ராஜா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒரே அச்சில் உருக்கி ஊற்றினீரா?" என்றார்.

அகத்தீசர் ராஜாவின் காலில் விழுந்தார். அவருடைய முத்திரை மோதிரத்தை அங்கேயே கழற்றச் சொன்னார் ராஜா.

"ஓடக்காரா, நீ கேட்டது உனக்கு. இவனுடைய பானையைக் கொண்டுவாருங்கள்."

பானை வரவில்லை. அகத்தீசரின் வீட்டிலிருந்து ஒரு செப்புப் படிக்கம் வந்தது. வெற்றிலை எச்சில் துப்பும் பாத்திரம்.

"எடுத்த மறுநாளே உருக்கி இதைச் செய்துவிட்டேன்" என்றார் அகத்தீசர், யாரையும் பார்க்காமல்.

மருதையன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். உள்ளும் புறமும் தடவினான். எங்காவது ஓர் எழுத்து கரையாமல் நிற்காதா என்று தேடினான். வழவழவென்று இருந்தது.

ராஜா பொன் தருவதாகச் சொன்னார். அக்கசாலைப் பதவியும் தருவதாகச் சொன்னார். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி அவனருகே படியில் உட்கார்ந்தார்.

"அதில் என்னென்ன இருந்தன, சொல். காசுக்கு ஓர் ஓலையாக எழுதிவைக்கிறேன்."

எழுத்தர் நூற்றுப்பன்னிரண்டு ஓலை எடுத்துவந்தார். மருதையன் சொல்லத் தொடங்கினான். சதுரக் காசு, யானை, மேலே வில். வட்டக் காசு, இரண்டு மீன், ஒன்றுக்குக் கண் இல்லை. என் பெண்டாட்டி சாகிற வருஷம் அவள் காலில் தட்டுப்பட்ட குதிரைக் காசு. முப்பத்தேழு வரை சொன்னான். அப்புறம் மடியிலிருந்த படிக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மறந்துபோச்சு ராசா" என்றான். "எடுத்துப் பாத்தாத்தான் ஞாபகம் வரும்."

ராஜா பொழுது சாயும்வரை காத்திருந்தார். பிறகு எழுத்தரிடம் சொன்னார்.

"எழுதாத ஓலைகளையும் சேர்த்தே கட்டும்."