கருமண்டபத்து வீட்டு ஜன்னல்

திருச்சியில் வீடு, மனை தரகு பார்க்கிறவர்களில் ஜெசிந்தாவிடம் தொழில் பழகியவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். அவர்களில் குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சிஷ்யர் கலியமூர்த்தி ஒருவர்தான். அவருக்கு ஐம்பத்து மூன்று, ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு.

கலியமூர்த்தி பெரிய கடைவீதி ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்து நான்கு வருஷம் புடவைப் பிரிவில் நின்றவர். நின்றவர் என்று சொல்வது சும்மா இல்லை. அங்கே நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்தான். கடைசியில் காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. இனியும் நின்றால் கால் உங்கள் பேச்சைக் கேட்காது என்று டாக்டர் சொன்ன வாரமே வேலையை விட்டார்.

கையில் இருந்த சொத்து வாய் ஒன்றுதான். பேசியே பிழைக்கிற தொழில் என்று யாரோ சொன்னதை நம்பித் தரகு பழக வந்தார். அந்த யாரோ தரகு பார்த்தவர் இல்லை.

முதல் வாரமே ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"மேடம், வீடு வாங்குற பார்ட்டியை எங்க போய்ப் பிடிக்கிறது?"

"கடைசியா எப்பண்ணே முடி வெட்டுனீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"வெட்டுனவர்கிட்ட இப்ப என்ன தொழில் பாக்குறீங்கன்னு சொன்னீங்களா?"

கலியமூர்த்தி தலையைத் தடவிக்கொண்டார். சொல்லவில்லை. இந்த வயதில் புதுத் தொழில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்னொரு நாள் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றோம்னு போறவங்களைத் திரும்பக் கூப்பிடலாமா மேடம்?"

"கூப்பிடுங்க."

"கூப்பிட்டு என்ன பேசறது?"

"அவங்க பேசறதைக் கேளுங்க."

இதைச் சொல்ல ஒரு குரு வேண்டுமா என்று அன்றைக்கு அவர் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

ஒன்பது மாதம் ஓடிற்று. ஒன்றும் முடியவில்லை. ஒரு பார்ட்டி அவரைத் தாண்டி நேராக வீட்டுக்காரரிடமே போய்ப் பேசி முடித்துக்கொண்டது. இன்னொருவர் ஆறு வீடு பார்த்துவிட்டு, சும்மா பொழுதுபோகப் பார்த்ததாகக் கூசாமல் சொன்னார். கடைசியில் கலியமூர்த்தியின் கையில் இருந்தது ஒரே ஒரு வீடு. கருமண்டபத்தில், மூலை மனையில், பாலசரஸ்வதி டீச்சரின் வீடு.

டீச்சர் ஓசூருக்கு மகளிடம் குடிபோய்விட்டார். போகும்போது சாவியைக் கலியமூர்த்தியிடம்தான் கொடுத்தார். "உங்க கையால எடுத்துக் குடுத்த புடவை ஒண்ணுகூடச் சோடை போனதில்ல" என்றார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். ஆனி முடிவதற்குள் பேசி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். ஆடியில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

ஆடியில் கலியமூர்த்திக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. ஆடித் தள்ளுபடிக்கு ஆள் போதவில்லை, ஒன்றாம் தேதி வந்துவிடுங்கள் என்று பழைய முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கலியமூர்த்தி இன்னும் பதில் அனுப்பவில்லை. ஆனால் ஒரு மாலை வீடு திரும்பியபோது கடையின் சீருடைச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மனைவி வளர்மதி பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துப் போட்டிருந்தாள். அவருடைய காலை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கருமண்டபத்து வீட்டை அதுவரை பதினான்கு பார்ட்டிகளுக்குக் காட்டியிருந்தார். யாரும் குறை சொல்லவில்லை. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

ஆனி பத்தாம் தேதி ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், என்கிட்ட என்ன குறை?"

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "வீட்டைக் காட்டுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நான் பதினஞ்சாவது பார்ட்டி."

கருமண்டபத்தில் இறங்கியதும் கலியமூர்த்தி முன்கேட்டைக் கடந்து, பக்கத்துத் தெருவுக்குத் திரும்பி, சின்னக் கதவு ஒன்றைத் திறந்தார்.

"வாசல் முன்னாடி இருக்கேண்ணே?"

"இருக்கு மேடம். இப்படி வந்தா சமையல்கட்டு முதல்ல வரும்."

உள்ளே கால் வைத்ததும் அவர் குரலே மாறிவிட்டது. கல்யாணப் புடவை பிரிக்கும்போது அந்தக் குரல் வரும்.

"இந்த ஜன்னலைப் பாருங்க. அடுப்புல நின்னபடியே தெருவைப் பாக்கலாம். கீரைக்காரம்மா வந்தா வாசலுக்கு ஓட வேண்டியதில்ல, இங்கருந்தே ரெண்டு கட்டுன்னு சொல்லிடலாம். தாளிக்கிற நெடி நிக்காது. மூணு மணிக்கு மேல இந்தப் பக்கம் வெயிலே கிடையாது. ஓரமா ஒரு ஸ்டூல் போட்டா உக்காந்து வெங்காயம் உரிக்கலாம். ஸ்கூல் விட்டுப் பிள்ளைங்க போறது தெரியும். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க மேடம், வேப்பமரம் தெரியும்."

ஜெசிந்தா குனிந்து பார்த்தார். ஜன்னல் வழக்கத்தைவிட ஒரு சாண் தாழ்வாக இருந்தது. டீச்சர் குட்டை, தன் உயரத்துக்கு வைத்துக் கட்டியிருந்தார். இதுவரை வந்த பதினான்கு பார்ட்டிகளையும் கலியமூர்த்தி இப்படித்தான் குனிய வைத்திருந்தார்.

ஜெசிந்தா நிமிர்ந்தார்.

"அண்ணே, உங்க வீட்டம்மா எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

கலியமூர்த்தி யோசிக்கவே இல்லை. வலது கையைக் கவிழ்த்துத் தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக் காட்டினார். கை ஜன்னலுக்கு நேராக, சரி பாதியில் நின்றது.

ஜெசிந்தா கையைப் பார்த்தார். கலியமூர்த்தியும் பார்த்தார். கையை இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவங்களைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை மேடம். சித்திரையில. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். ஒன்பது வாடகை வீடு. ஒண்ணுலயும் அடுப்படியில ஜன்னல் கிடையாது. பீமநகர்ல இருந்தப்ப மாடிப்படிக்கு அடியிலதான் சமையல். மிளகா வத்தல் தாளிச்சா இருமி இருமிக் கண்ணுல தண்ணி வந்துடும்."

"இங்க வந்து என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னா. திரும்பிப் போறப்ப பஸ்ஸுல, அதுக்குக் கொசுவலை அடிக்கணும்லன்னு கேட்டா. அப்புறம் அவளே, நமக்கென்னன்னு சொல்லிட்டு வெளியில பாத்துக்கிட்டு வந்தா."

ஜெசிந்தா ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை நாங்க வாங்க முடியாது மேடம். ஏழு ஜென்மத்துக்கும் முடியாது. அது எனக்குத் தெரியும்."

"கடையில புடவையை உங்க தோள்ல போட்டுக் காட்டுவீங்கல்ல?"

"ஆமா. புடவை எப்படி விழுதுன்னு தெரியணும்ல."

"காட்டி முடிச்சதும்?"

"எடுத்து அவங்க தோள்ல..."

ஜெசிந்தா வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி முடிவெட்டுகிறவரிடம் தன் புதுத் தொழிலைச் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. அதே கடைக்கு முடி வெட்ட வருகிற சாகுல் என்பவர் வீடு தேடுவதாகத் தெரிந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. மனைவி பர்வீன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆனி இருபதாம் தேதி இருவரும் வீடு பார்க்க வந்தார்கள்.

கலியமூர்த்தி முன்வாசலைத் திறந்துவிட்டார்.

"பாத்துட்டு வாங்க. நான் வெளியில நிக்கிறேன்."

"நீங்க வரலையா?" என்றார் சாகுல்.

"ஏதாவது கேக்கணும்னா கூப்பிடுங்க தம்பி."

பக்கத்துத் தெருவில், மதில் நிழலில் போய் நின்றார். உள்ளே காலடிச் சத்தம் ஒவ்வொரு அறையாக நகர்ந்தது. கதவு திறந்தது. குழாய் திறந்து மூடியது. கூடத்தில் இருவரும் எதையோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். இருபத்து நான்கு வருஷம் ஓயாத வாய், மூன்று மணிக்கு மேல் வெயில் இருக்காது என்று கத்தத் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கால் கடுத்தது. அந்த வீட்டுக்கு வெளியே நின்றபோதுதான், அதை எவ்வளவு ஆசைப்பட்டுவிட்டோம் என்று அவருக்கு முழுசாகத் தெரிந்தது. சிரிப்பு வரவேண்டிய விஷயம், அழுகை வந்தது.

ஜன்னலில் பர்வீன் தெரிந்தார். நல்ல உயரம். குனிந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது ஏன் இவ்வளவு கீழ இருக்கு?"

"கட்டுன டீச்சர் உயரம் கம்மிம்மா."

பர்வீன் உள்பக்கம் திரும்பிச் சுவரைக் கையால் சாண் போட்டு அளந்தார். கணவரைக் கூப்பிட்டு எதையோ காட்டினார். மறுபடியும் குனிந்தார்.

"எங்க ஃப்ரிட்ஜுக்கு வேற சுவரே இல்ல. இந்த ஜன்னலை அடைச்சுட்டா வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கலியமூர்த்தி நினைத்தால் ஆகும் என்று சொல்லலாம். மூலைச் சுவர், விரிசல் விடும் என்று ஒரு வார்த்தை போதும். டீச்சர் மனசு சங்கடப்படுவார் என்றுகூடச் சொல்லலாம். பர்வீன் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கை, வளர்மதி பிடித்து நின்ற அதே கம்பியில் இருந்ததைக் கலியமூர்த்தி பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாதும்மா," என்றார். "அடைச்சுக்கலாம். உங்க வீடு."

பர்வீன் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு அறைக்குள்ளே திரும்பி, "என்னங்க, அம்மா கட்டிலை அந்த முன் ரூம்லயே போட்டுடலாம்," என்று சொல்வது கேட்டது.

ஆனி முப்பதாம் தேதி அக்ரிமென்ட் எழுதி, முன்பணம் கைமாறியது. ஓசூரிலிருந்து வந்திருந்த டீச்சர் கலியமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எல்லோரும் போன பிறகு பத்திர எழுத்தர் கடை பெஞ்சில் குருவும் சிஷ்யரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது. கலியமூர்த்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"கடைக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார் ஜெசிந்தா.

"சொல்லிட்டேன். வரலைன்னு."

"வீட்டுல?"

"சொன்னேன். நல்லதாப் போச்சுன்னா. கடைச் சட்டையை எடுத்து யாருக்காவது குடுத்துடறேன்னா. சந்தோஷமாத்தான் இருந்தா." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், வாங்குற அம்மா என்ன உயரம்னு கேட்டா."

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் உயரம்தான்னு சொன்னேன் மேடம். வாய் கூசாம பொய். அப்படியாங்க, அப்ப சரின்னா."

டீயில் ஆடை படிந்துவிட்டது. கலியமூர்த்தி அதை ஊதி ஓரம் ஒதுக்கினார். ஆனாலும் குடிக்கவில்லை.

"முதல் வீடு முடிஞ்சா எப்படி இருக்கும்னு ஒன்பது மாசமா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இப்படி இருக்கும்னு நெனைக்கல. உங்களுக்கு இந்த மாதிரி ஒரு வீடு இருந்துச்சா மேடம்?"

"உறையூர்ல. நான் வித்த மூணாவது வீடு. மொட்டை மாடியில ஒரே ஒரு ரூம், நாலு பக்கமும் காத்து. பதினோரு வருஷம் ஆச்சு."

"எத்தனை நாள்ல மனசு ஆறுச்சு?"

ஜெசிந்தா தன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைப் பெஞ்சுக்குக் கீழே வைத்தார்.

"அந்தத் தெருவுக்கு நான் போறதே இல்லண்ணே," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு அங்க ஒரு வீடு காட்டணும். நீங்க போயிட்டு வாங்க."