கடைசிக் கட்டு

கனகசபைக்குக் குருவின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வந்த நாள் முதல் அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

காரணம் புளியம்பாறை. அங்கே உள்ள கிளை மடத்துக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். கல்யாணமோ பாகப்பிரிவினையோ, மடத்து ஆள் சொல்வதை வைத்துத்தான் அந்த ஊரில் எல்லாம் நடக்கும். தாடியில் நரை எட்டிப் பார்க்கும் வரை படித்த தன்னை விட்டால் வேறு யார் என்று கனகசபை நினைத்திருந்தான். குருவோ அவனைக் கூப்பிட்டு, மண்டபத்துக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டும் வேலைக்குப் போகச் சொன்னார்.

"சாமி, சித்தாந்தம் படிச்சவன் சவுக்குக் கம்புல கயிறு சுத்தி என்னத்தைக் கத்துக்கப் போறேன்?"

"சுத்திப் பாரு. தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

மழுப்புகிறார் என்று கனகசபை முடிவு கட்டினான். மடத்துக்குக் கூலியில்லாத ஆள் வேண்டும். தன்னை வெயிலில் நிறுத்திவிட்டு, பதவியைத் தன்னைவிட இளையவனான நமச்சிவாயத்துக்குக் கொடுக்கப் போகிறார். இல்லாவிட்டால் அவனைத் தினமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என்ன பேச்சு? தன் தலையைக் கண்டதும் இருவரும் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

சாரம் கட்டும் மேஸ்திரி செங்கோடன் வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். கட்டியவன்தான் முதலில் ஏற வேண்டும். அவன் பலகையில் நடந்து காட்டிய பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள்.

"ஏறுங்க சாமி. உங்க கட்டு, உங்க உசுரு."

"இப்படி என்னை ஏத்தச் சொல்லி அவர் ஏதாவது சொல்லி வெச்சாரா?"

"யாருங்க?"

"குருதான்."

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கப்பன் காலத்துலருந்து இதுதானுங்க வழக்கம்."

கனகசபை அதையும் நம்பவில்லை. ஆனால் தன் உயிர் விஷயமாயிற்றே. ஒவ்வொரு முடிச்சையும் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான்.

மூன்றாம் அடுக்கைக் கட்டிக்கொண்டிருந்த அன்று மேஸ்திரியும் ஆட்களும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கனகசபை மட்டும் மேலே இருந்தான். அங்கிருந்து பார்த்தால் மடத்து வாசல் நன்றாகத் தெரியும். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நமச்சிவாயம் ஒரு துணிமூட்டையையும் புத்தகக் கட்டையும் கொண்டுவந்து அதில் வைத்தான்.

கனகசபைக்கு வயிறு எரிந்தது. கடைசிக் கட்டில் கயிறு ஒரு சுற்றோடு நின்றது. அப்படியே விட்டுவிட்டு விடுவிடுவென்று இறங்கினான்.

குரு கீழே மண்டபத்தடியில் நின்றிருந்தார்.

"சாமி, ஒளிக்காமச் சொல்லுங்க. புளியம்பாறைக்கு யாரு?"

குரு சாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மேல் அடுக்கு நீ கட்டினதா?"

"ஆமா. நான் கேட்டதுக்குப் பதில்?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். பேச்சை மாற்றத்தான் ஏறுகிறார் என்று கனகசபைக்குப் பட்டது. நல்ல வேஷம் என்று முணுமுணுக்கவும் செய்தான். குரு மூன்றாம் அடுக்குப் பலகையில் கால் வைத்து, கடைசிக் கட்டு இருந்த பக்கமாக நடந்தார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சாமி! நில்லுங்க! அந்தப் பக்கம் போகாதீங்க!"

"ஏன்?"

"கட்டு சரியில்லை. முடிச்சே போடலை."

"பார்த்தா நல்லாத்தானே இருக்கு?"

"பார்த்தாத் தெரியாது. கட்டின எனக்குத்தான் தெரியும். இறங்குங்க சாமி, உங்களைக் கும்பிடறேன்."

குரு வந்த வழியே திரும்பி, மெல்ல இறங்கினார்.

"கார் உனக்குத்தான் வந்திருக்கு," என்றார் குரு. "நமச்சிவாயம் உன் துணிமணியெல்லாம் ஏத்திட்டான். புறப்படு."

கனகசபை காரைப் பார்த்தான். கதவைத் திறந்து பிடித்தபடி நமச்சிவாயம் அவனுக்காகக் காத்திருந்தான். கனகசபைக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரத்தைப் பிடித்தான்.

"முடிச்சைப் போட்டு, நானே ஏறி நடந்து பார்த்துட்டு வரேன் சாமி. அதுவரைக்கும் கார் நிக்குமா?"

"நிக்கும்," என்றார் குரு. "புளியம்பாறையில உன் பேச்சை நம்பி ஏறப் போறவங்களும் நிப்பாங்க."