நாரை நிற்காத வழி

கடலுக்கே வயது குறைவாக இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கடலில் விழுகிற இடத்தில் வெண்மணல்துறை என்றொரு பட்டினம். அதற்கு ஒரு ராஜா. ராஜா ஒரு பக்கம் இருக்கட்டும், கதை அவரைப் பற்றியதல்ல. கரையில் கருவாடு காயப்போட்ட செம்பியைப் பற்றியது.

அது என்ன பெரிய வேலை? மீனைப் பாயில் பரப்ப வேண்டும், காக்கையை விரட்ட வேண்டும், மறுபடியும் காக்கையை விரட்ட வேண்டும். ஒருநாள் செம்பி எதையோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய்கள் வந்து அத்தனை மீனையும் கவ்விக்கொண்டு போய்விட்டன. வெறும் பாயைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. "கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கியிருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டாள். காலையில் மூன்று சிப்பிகளை மடியில் கட்டிக்கொள்வாள். நேற்றுவரை கவனிக்காத ஒன்றைக் கண்டால் ஒரு சிப்பியை எறிவாள். மூன்றும் தீராமல் வீட்டுக்குப் போகமாட்டாள். முதல் வாரம் பெரும்பாடு. பொழுது சாய்ந்தும் இரண்டு சிப்பி மடியிலேயே கிடக்கும். மூன்றாம் மாதத்தில் வெயில் ஏறுவதற்குள் மடி காலி.

ஊர் சும்மா இருக்குமா? "என்னடி செம்பி, இன்னைக்குக் கடல்ல என்ன புதுசு? உப்புக் கூடிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டுக் காக்கையை விரட்டப் போய்விடுவாள்.

அப்போதுதான் அந்தப் புயல் வந்தது. படகுகளை நொறுக்கியது. வயலுக்குள் உப்புத் தண்ணீரை ஏற்றியது. களஞ்சியத்து நெல்லை அடித்துக்கொண்டு போனது. மீனும் இல்லை, சோறும் இல்லை. செம்பியின் மகள் வஞ்சிக்கு ஐந்து வயது. பசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள். பெற்றவள் வயிறு எப்படி எரிந்திருக்கும், சொல்லுங்கள்! காயப்போட மீனில்லாத அந்த நாட்களிலும் செம்பி சிப்பியை மடியில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ராஜா வரவழைத்த நெல் கப்பல் வந்தது. ஊரே கரையில் கூடிக் கும்பிட்டது.

கப்பலை உள்ளே கூட்டி வருவது கொற்றன் பொறுப்பு. அவனுக்கு அவன் அப்பன் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் கோயில் கோபுரமும் ஒரே நேரில் தெரிய வேண்டும். அந்த நேரில் வந்தால் ஆழமான வழி. ஏழு தலைமுறையாகத் தப்பாத கணக்கு.

முதல் நாள், மிஞ்சியிருந்த ஒரே கட்டுமரத்தில் கொற்றன் முன்னே போனான். பனை, கோபுரம், நேர். கப்பல் மணலில் தட்டி நின்றது. பின்வாங்கினார்கள். செம்பி ஓடிப்போய், "அண்ணே, தெற்கே தள்ளிப் போங்க" என்றாள். "போம்மா, போய்ப் பாயைச் சுருட்டு" என்றான் அவன்.

இரண்டாம் நாள், நேற்றுக் கொஞ்சம் விலகிவிட்டோம் என்று இன்னும் கச்சிதமாக நேர் பிடித்தான். கப்பல் முன்னைவிட ஓங்கித் தட்டியது, அடிப்பலகை ஒன்று விரிசல் விட்டுவிட்டது. செம்பி மறுபடியும் சொன்னாள். மறுபடியும் துரத்தினான்.

கப்பல் தலைவனுக்குப் பொறுமை போய்விட்டது. "நாளை நடுப்பகல் வரைதான் நிற்பேன். காற்று திரும்பினால் நானும் திரும்பிவிடுவேன்!" என்று கத்தினான்.

மூன்றாம் நாள் காலை, தண்ணீர் வற்றியிருந்த வேளை. செம்பி காவலாளிகளின் கைக்கு அடியில் நுழைந்து, கரைக்கு வந்திருந்த ராஜாவின் காலில் விழுந்தாள்.

"ராசா, அந்த நாரைங்களைப் பாருங்க. முட்டியளவு தண்ணியில வரிசையா நிக்குது. புயலுக்கு முன்னாடி கொற்றண்ணன் வழியில ஒரு நாரைகூட நின்னதில்லை, அவ்வளவு ஆழம். இப்ப அங்கதான் கூட்டமே! தெற்கே ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அங்க ஒண்ணுகூட இறங்கலை. அலையும் அந்த இடத்துல மட்டும் நுரைக்காம உள்ள வருது. ஆத்துல வர்ற ஓலையும் மட்டையும் அது வழியாத்தான் வெளிய போகுது. மூணு வாரமாப் பார்க்கிறேன்."

ராஜா பார்த்தார். ஊர் பார்த்தது. அட, ஆமாம்! இத்தனை நாளும் எல்லோர் மூக்குக்கு நேராகத்தானே கிடந்தது!

"கட்டுமரத்தை அவளிடம் கொடுங்கள்" என்றார் ராஜா.

தண்ணீர் ஏறியது. செம்பி முன்னே, கப்பல் பின்னே. பனையும் கோபுரமும் தாறுமாறாக விலகித் தெரிந்தன. கப்பலில் இருந்தவர்கள் பயத்தில் கூச்சல் போட்டார்கள். பாதி வழியில் கப்பலின் அடி லேசாக உரசியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "பயப்படாதீங்க, இன்னும் தெற்கே! இன்னும்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் செம்பி. கப்பல் ஒரு தடவை குலுங்கியது. அடுத்த கணம் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

கரையில் எழுந்த சத்தத்தில் நாரைகள் அத்தனையும் கலைந்து பறந்தன. நெல் மூட்டைகள் இறங்கின. உரலில் உலக்கை விழுந்தது, அடுப்பு புகைந்தது. வஞ்சி அம்மாவின் மடியில் உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட்டாள், மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கொற்றன் தலை குனிந்து வந்தான். "நானும் தினம் அதே தண்ணியிலதானே கிடக்கேன். எனக்கு ஏன்மா தெரியலை?"

"நீங்க பனையைப் பார்த்தீங்கண்ணே. பனை இருந்த இடத்துலயேதான் இருக்கு. நகர்ந்தது மணலு."

கொற்றன் தன் துடுப்பை எடுத்து ராஜாவின் முன்னிலையில் அவள் கையில் கொடுத்தான். அன்று முதல் வெண்மணல்துறைக்குள் நுழைந்த ஒவ்வொரு கப்பலும் செம்பியின் பின்னால்தான் வந்தது.

ஆகவே மக்களே, வாய்ப்பு என்றைக்கும் நம் கண்ணெதிரேதான் இருக்கிறது, தினமும் கவனித்துப் பழகியவருக்குத்தான் அது தென்படும்.