பத்தொன்பதாம் கண்ணாடி

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி இருந்த ஒரு சிறு மடத்தில் சொர்ணத்தம்மாள் என்ற துறவி இருந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வைத்திலிங்கத்துக்கு ஐம்பத்தேழு.

வந்த நாளில் வைத்திலிங்கத்தின் தலையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதை மெதுவாக, தூங்கும் குழந்தையை இறக்குவதுபோல இறக்கிச் சமையற்கட்டின் மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் தண்ணீர் இறைத்தார், கஞ்சி காய்ச்சினார், பாடம் கேட்டார். பெட்டியை ஒருநாளும் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாம் வருஷம் ஆவணியில் அம்மாள் அவரைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை உமக்குக் காவி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உம்முடையது என்று ஏதாவது இருந்தால் அதற்குள் விட்டுவிடும்."

"ஒரு பெட்டிதான் இருக்கிறது, தாயே."

"தெரியும்."

அந்தக் காவிக்காகத்தான் வைத்திலிங்கம் மூன்று வருஷம் காத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டால் பழைய ஆள் செத்துப்போவான் என்று நம்பியிருந்தார்.

வியாழக்கிழமை காலை பெட்டியைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். துவைக்கிற கல்லின் பக்கத்தில் வைத்துத் திறந்தார். அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன செய்கிறீர்?"

"உடைக்கப் போகிறேன்."

"எதை?"

வைத்திலிங்கம் ஒரு துணிப்பொதியைப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். ஒரு மனித உருவம் தெரிந்தது. முகம் வெள்ளையாக, தலைமயிர் அதைவிட வெள்ளையாக இருந்தது.

"வெள்ளைக்காரரா?"

"இல்லை, தாயே. போட்டோ பிடிக்கிற கண்ணாடி. இதில் கறுப்பு வெளுப்பாகத் தெரியும். காகிதத்தில் அச்சுப் போட்டால்தான் சரியாகும். இவர்கள் நம்மைவிடக் கறுப்பு."

"யார் இவர்கள்?"

"கிழக்கே கடல் தாண்டி ஒரு தீவு. கைதிகளைக் கொண்டுபோய் வைக்கிற இடம். அங்கே ஆதியிலிருந்தே இருந்தவர்கள். ஒரு துரை இவர்களைப் படம் பிடிக்க வந்தார். அவருக்கு நான் உதவியாளாகப் போனேன். பதினோரு மாசம் இருந்தேன்."

"எல்லாவற்றையும் எடுத்து வையும். பார்க்கிறேன்."

வைத்திலிங்கம் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்தார். மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், பின்னால் உடம்பை அளக்கக் கட்டம் போட்ட பலகை, ஓரத்தில் ஊசியால் கீறிய எண். அம்மாள் கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார்.

"எல்லார் கழுத்திலும் ஒரே மாலை இருக்கிறதே."

"அது எங்கள் பெட்டியில் இருந்த சிப்பி மாலை. அவர்களுக்கு அங்கே பாதிரிமார் சட்டை பாவாடை கொடுத்திருந்தார்கள். துரைக்கு அது பிடிக்கவில்லை. அவிழ்க்கச் சொல்லி, இந்த மாலையைப் போட்டு நிறுத்துவோம். ஒருவரை எடுத்து முடித்ததும் கழற்றி அடுத்தவருக்குப் போடுவோம்."

"போடுவது யார்?"

"நான்தான்."

"அவர்கள் பாஷை தெரியுமா உமக்கு?"

"கொஞ்சம் பேசுவேன்."

"பேசும்."

வைத்திலிங்கம் கண்ணாடிகளைப் பார்த்து ஐந்து சொற்கள் சொன்னார். இருபது வருஷம் கழித்தும் அவை நாக்கில் தடுக்காமல் வந்தன.

"என்ன சொன்னீர்?"

"வா. நில். திரும்பு. அசையாதே. போ."

"இன்னும் கொஞ்சம் பேசும்."

"அவ்வளவுதான் தெரியும்."

கிணற்றுக் கயிற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்போது இவர்கள் எங்கே?"

"படம் பிடித்துச் சில மாசத்திலேயே தட்டம்மை வந்தது. எங்கள் கப்பலில் வந்த யாரிடமிருந்தோ தொற்றியது என்றார்கள். கரையில் ஏற்கெனவே ஒரு கொட்டகை இருந்தது, எல்லாரையும் அதில் படுக்கவைத்தார்கள். சீமையில் ஒரு கண்காட்சி, அதற்குப் படங்கள் போகவேண்டும், கப்பல் காத்திருக்கிறது என்று துரை அவசரப்படுத்தினார். இரவு பகலாக அச்சுப் போட்டேன். கொட்டகையில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே நான் அவர்களைக் கயிற்றில் வரிசையாகக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன்."

"மிஞ்சினவர்கள்?"

"நான் கப்பல் ஏறினபோது மூன்று பேர். பிறகு அவர்களும் இல்லை என்று கேள்விப்பட்டேன்." அவர் குரல் தணிந்தது. "துரை கண்ணாடிகளைப் பிறகு அனுப்பச் சொல்லிவிட்டு முன்னாலேயே போய்விட்டார். வழியில் காய்ச்சலில் இறந்தும் போனார். யாரும் கேட்கவில்லை. என்னிடமே தங்கிவிட்டன."

அம்மாள் ஒரு கண்ணாடியின் முன்னால் நின்றார். பத்தொன்பதாம் எண். ஒரு இளம்பெண். மற்றவர்கள் எல்லாரும் தெளிவாக இருக்க, இவள் கண்களும் வாயும் மட்டும் மங்கலாக இருந்தன. காதுக்குப் பின்னால், பலகையின் கட்டத்தின் மேல், நாலு விரல்கள் தெரிந்தன.

"இது யார் விரல்?"

வைத்திலிங்கம் கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"என்னுடையது. இவள் நிற்கமாட்டாள், தாயே. கொட்டகை இருந்த பக்கமே திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அப்போது நோய் வரவில்லை. படம் பிடித்து முடியும்வரை பெண்களின் குழந்தைகளை அங்கேதான் இருக்கவைத்திருந்தோம். துரை காமிராவின் மூடியைத் திறந்து ஆறு எண்ணுவார். நாலு எண்ணுவதற்குள் இவள் திரும்பிவிடுவாள். இரண்டு கண்ணாடி வீணாயிற்று. மூன்றாவது தடவை துரை என்னைப் பலகைக்குப் பின்னால் போகச் சொன்னார். தலையைப் பிடித்துக்கொண்டேன்."

"அவள் என்ன செய்தாள்?"

"ஒரு சொல் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துரையிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கடைசியில், நான் பிடித்திருந்தபோது, மெதுவாகச் சொன்னாள். அவள் தாடை அசைந்தது என் கையில் தெரிந்தது."

"அந்தச் சொல் நினைவிருக்கிறதா?"

வைத்திலிங்கம் அதைச் சொன்னார். சிறிய சொல். இரண்டே அசை. சொல்லும்போது அவர் குரல் அவருடையதாக இல்லை.

"இதைத்தான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் தீவில் துபாஷியாக இருந்தவரைத் தேடிப் போனேன், அவர் இல்லை. ஒரு பாதிரியார் அந்தப் பாஷைக்கு அகராதி எழுதியிருந்தார், அதில் இந்தச் சொல் இல்லை. அறிந்தவர்கள் என்று யார் யாரிடமோ போனேன். கடைசியாக உங்களிடம் வந்தேன். தாயே, இதற்கு என்ன அர்த்தம்?"

"முதல் தடவை சொன்னபோது அவளைக் கேட்டீரா?"

"இல்லை."

"இரண்டாம் தடவை?"

"இல்லை."

அம்மாள் மூன்றாவதைக் கேட்கவில்லை. திரும்பிப் போய் முறத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கொத்துக் கீரையை எடுத்தார். ஆயாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வெயில் ஏறியது. சுவரில் சாய்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மினுங்கின. வைத்திலிங்கம் எழுந்து பத்தொன்பதாம் கண்ணாடியை இரண்டு கையாலும் எடுத்தார். துவைக்கிற கல்லுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"எனக்கு அர்த்தமும் வேண்டாம், தாயே. இவளை விட்டுவிடுகிறேன். இதை உடைத்துவிட்டால் நான் நாளைக்குக் காவி கட்டலாமா?"

"கட்டலாம்."

அவர் நம்பாமல் பார்த்தார். "உடைக்கலாமா?"

"உடைக்கலாம். செத்தவளுக்குச் செய்கிற கடைசிக் காரியம் இது. முறைப்படி செய்யும்."

"என்ன முறை?"

"அவள் பேரைச் சொல்லிவிட்டு உடைத்துப்போடும்."

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். கண்ணாடியின் ஓரத்திலிருந்த எண்ணைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.