குதிரைக்கு ஒரு குஞ்சம்

கரிசல்பட்டி ஜமீன் குதிரைகளுக்குச் சித்திரை வெயிலைவிட ஈத்தொல்லைதான் பெரிது. மேய்ச்சலுக்கு விட்டால் போதும், கண்ணைச் சுற்றி அப்பிக்கொள்ளும். பார்க்கப் பொறுக்காமல், புல்லறுக்கும் வெள்ளத்தாயி கற்றாழை நாரில் குஞ்சம் முடைந்து எல்லாக் குதிரைகளின் நெற்றியிலும் கட்டிவிட்டாள். குதிரை தலையாட்டினால் குஞ்சம் ஈயை விரட்டும்.

லாயத் தலைவர் சூரப்பருக்கு அது பிடிக்கவில்லை. "குஞ்சம் ஜமீன்தார் ஏறும் குதிரைக்கு மட்டும்தான்" என்று அத்தனையையும் அறுத்தெறிந்தார். "நாளை அவர் வருகிறார். எந்தக் குதிரை முகத்திலாவது ஈ இருந்தால் உனக்கு இங்கே வேலையில்லை."

"ஆகட்டும் சாமி" என்றாள்.

மறுநாள் பெரிய அரளி மாலையோடு வந்து, "உங்களுக்கு எங்க மரியாதை" என்று நீட்டினாள். சூரப்பர் பெருமையோடு போட்டுக்கொண்டார். கழுத்து பிசுபிசுத்ததை வியர்வை என்று நினைத்தார். அது கருப்பட்டிப் பாகு.

ஜமீன்தார் வந்து இறங்கியபோது, மேய்ச்சல் காட்டு ஈயெல்லாம் சூரப்பர் மேல் மொய்த்தது. அவர் தன் முகத்தில் தானே அறைந்துகொண்டு குதித்தார்.

"என்னய்யா கூத்து இது?"

"குதிரை முகத்துல ஈ இருக்கக் கூடாதுன்னு இவர் உத்தரவு, எசமான்" என்றாள் வெள்ளத்தாயி. "வேற எங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லலை." குஞ்சம் அறுபட்ட சேதியையும் சொன்னாள். "விரட்டுறதுக்கு இவருக்கு ரெண்டு கை இருக்கு. குதிரைக்கு ஏது?"

ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "சூரப்பரே, அறுத்த குஞ்சத்தையெல்லாம் நீரே கட்டும். கட்டி முடிக்கிறவரை மாலை கழுத்திலேயே இருக்கட்டும்."

சூரப்பர் அவ்வளவு வேகமாக வேலை செய்து அந்த ஜமீனில் யாரும் பார்த்ததில்லை.