ஏலக்குரல்

தூத்துக்குடியில் மீன் ஏலம் கூவியே முன்னுக்கு வந்தவன் சங்கிலி. அவன் தொண்டையைத் திறந்தால் பக்கத்து வியாபாரி தன் விலையை மறந்துவிடுவான். கடலில் தானாக நீந்தப் பழகியவன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. பிலோமினா மேடத்தின் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் தொழில் பழகச் சேர்ந்தான். மேடம் அவனைவிட வயதில் சின்னவர்.

மேடம் அவனை நம்பி ஒப்படைத்த முதல் பிள்ளை இசக்கி. விடிந்தால் அவளுக்கு மாவட்ட நீச்சல் அணிக்கான தேர்வு. தேறவில்லை என்றால் நீச்சலே வேண்டாம் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

இசக்கியிடம் ஒரே குறை. பாதிக் குளம் தாண்டியதும் தலையைத் தூக்குவாள். தலை ஏறினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் வேகம் போச்சு.

சங்கிலி கரையோடு கூடவே ஓடினான். "ஏட்டி! தலையத் தூக்காத! தூக்காதங்கேன்ல!"

தூக்கினாள்.

இன்னும் உரக்கக் கத்தினான். இன்னும் உயரத் தூக்கினாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொண்டையை ஏற்றி ஏறாத விலை உண்டா? அங்கே பலித்தது இங்கே ஏன் தலைகீழாகப் போகிறது? பிள்ளைக்குத் திமிரா, இல்லை காதுதான் மந்தமா?

மேடத்திடம் போய் நின்றான். "ஒரு சொல்லு கேக்க மாட்டேங்கா மேடம். என்னதான் செய்ய?"

"உடுப்ப மாத்திட்டு இறங்குங்க அண்ணாச்சி."

"நானா? தேர்வு அவளுக்குல்லா?"

"இறங்குங்க. தலையத் தாழ்த்தி, கைய நல்லா நீட்டி நீந்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். இசக்கி கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

நடுக் குளத்தில் மேலே ஏதோ சத்தம் கேட்டது. மேடம் கூப்பிடுகிறாரா, அதட்டுகிறாரா, பிடிபடவில்லை. தண்ணீர் அதைக் கூழாக்கிவிட்டது. எட்டிப் பார்த்தான்.

"என்ன மேடம் சொன்னீய?"

"ஒண்ணுமில்ல. போங்க."

போனான். மறுபடியும் சத்தம். மறுபடியும் எட்டிப் பார்த்தான்.

"கூப்பிட்டீயளா?"

"இல்லையே. நீந்துங்க."

அடுத்த சத்தத்துக்கு அவசரமாக நிமிர்ந்ததில் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இருமிக்கொண்டே சுவரைப் பிடித்தான். கோபம் உச்சிக்கு ஏறியது.

"இது என்ன விளையாட்டு மேடம்? நான் நீந்தணுமா, நீங்க சொல்றதக் கேக்கணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க! அப்படி என்னதான் கத்துனீய?"

"தலையத் தூக்காதீங்கன்னு கத்துனேன்."

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சங்கிலி சுவரைப் பிடித்தபடியே தண்ணீரில் நின்றான். காதிலிருந்து நீர் வடிந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டான்.

கடைசியில் கேட்டான். அந்தக் குரலை வைத்து ஒரு கூடை மீன்கூட விற்றிருக்க முடியாது.

"அப்போ, நாளைக்கு நான் வரவா, வேண்டாமா?"

"வரணும் அண்ணாச்சி."

"வந்து? எங்க நிக்க?"

"அவ வந்து தொடுற சுவத்துக்கிட்ட நில்லுங்க. தலையத் தூக்குனதும் முதல்ல உங்களப் பாக்கட்டும்."